ஒரு சுவர், இரண்டு சுண்ணாம்பு: இறுகாமல் போன பூச்சைப் பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

சிமெண்ட் புழக்கத்துக்கு வருமுன் கட்டிய இரண்டு மாடி வீடு அது. செங்கல் சுவர், 45 செ.மீ. தடிப்பு, முழுக்கச் சுண்ணாம்புச் சாந்து. பின்பக்கச் சுவர் வடக்கு பார்த்தது. பக்கத்துக் கட்டடம் நெருங்கி நிற்பதால் வெயில் அதிகம் படாது. ஓதம் ஏறுகிறது என்று பதினைந்து வருஷத்துக்கு முன் தரையிலிருந்து 1.2 மீட்டர் உயரம் வரை அந்தச் சுவருக்கு உள்ளேயும் வெளியேயும் சிமெண்ட் பூசியிருந்தார்கள். இரண்டு மூன்று வருஷம் நன்றாகத்தான் இருந்திருக்கிறது. அப்புறம் சிமெண்ட் பூச்சு முடிகிற கோட்டுக்கு மேலே ஈரம் தெரிய ஆரம்பித்து, ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியிருக்கிறது.

இந்த வேலையில் இருந்தவர்கள் நான்கு பேர். வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற ஆசிரியை. எல்லாரும் டீச்சர் என்றே கூப்பிட்டோம். மேஸ்திரிக்குச் சிமெண்ட் வேலையில் முப்பது வருஷ அனுபவம், சுண்ணாம்பில் வெள்ளையடித்த பழக்கம் மட்டும். பொருள் வாங்குவது, கணக்கு எழுதுவது எல்லாம் இளம் மேற்பார்வையாளர் ஒருவர். நான்காவது ஆள் நான். பழைய கட்டடப் பழுதுபார்ப்பில் ஆலோசனை சொல்ல அழைக்கப்பட்டவன். இதில் நடந்த முக்கியத் தவறு என் கையெழுத்தில் இருந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சிமெண்ட் பூச்சை உரித்தபோது

பூச்சு பாளம் பாளமாகக் கழன்று வந்தது. பின்னால் இருந்த செங்கல்லின் முகம் விரலால் தேய்த்தாலே சிவப்புத் தூளாக உதிர்ந்தது. கீழிருந்து நான்கைந்து வரிகளில் செங்கல் இரண்டு செ.மீ. வரை உள்ளே தின்று போயிருந்தது. இணைப்புச் சாந்து ஈரமாக, வெள்ளை உப்புப் பூத்துக் கிடந்தது. ஈரம் வெளியேற வழியில்லாமல் பூச்சுக்குப் பின்னாலேயே உப்பைப் படியவிட்டிருக்கிறது. உப்பு படிகமாகும்போது செங்கல்லின் நுண்துளைகளை உள்ளிருந்து நெம்பிவிடும். சிமெண்ட் பூச்சு கடைசிவரை கெட்டியாகவே இருந்தது; அது காப்பாற்ற வேண்டிய சுவர்தான் கரைந்துவிட்டது.

பழைய சாந்தில் ஒரு கட்டி எடுத்துப் பொடித்து, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போட்டோம். நுரைத்துப் பொங்கி அடங்கியதும் அடியில் மணலும் கொஞ்சம் மெல்லிய வண்டலும் மிஞ்சின. உடைத்த முகத்தில் ஆங்காங்கே தூய வெள்ளைச் சுண்ணாம்புக் கட்டிகள் தெரிந்தன. விரலால் அழுத்தி நொறுக்க முடிகிற அளவுக்கு மென்மை. அசலாகப் போட்டது காற்றில் இறுகும் சாதாரணச் சுண்ணாம்பாகவே இருக்க வேண்டும் என்று முடிவு செய்தேன்.

அப்படியானால் அந்தச் சுண்ணாம்பு அடிச் சுவரில் எப்படி இறுகியது? கட்டிய காலத்தில் அந்தச் சுவர் ஈரச் சுவர் இல்லை. வெளியே தரைமட்டம் பிற்காலத்தில் மேல் மேலாக மண்ணும் தளமும் போட்டு உயர்ந்திருக்கிறது. நாங்கள் பார்த்தபோது வெளித்தரை உள்தரைக்கு ஏறக்குறைய சமமாக இருந்தது. கூரைநீர்க் குழாய் ஒன்று அந்த மூலையிலேயே கொட்டிக்கொண்டிருந்தது. அன்று காய்ந்த சுவரில் சரியாக வேலை செய்த பொருள் இன்றைய ஈரச் சுவரிலும் செய்யும் என்று நினைக்க முடியாது. அதனால்தான் அடிப்பகுதிக்கு நீரில் இறுகும் சுண்ணாம்பு, அதாவது ஹைட்ராலிக் சுண்ணாம்பு, போடலாம் என்று தீர்மானித்தேன். தீர்மானம் சரி. அதை எழுதிய விதத்தில்தான் கோளாறு.

வெளித்தரையை உள்தரைக்கு 20 செ.மீ. கீழே வரும்படி வெட்டி இறக்கினோம். கூரைநீர்க் குழாயை வேறு பக்கம் திருப்பினோம். சுவரை ஐந்து வாரம் காயவிட்டோம். ஈரம் ஊறிய சுவர் மாதத்துக்கு ஓர் அங்குலத் தடிப்பு காயும் என்பது தோராயக் கணக்கு. அப்படிப் பார்த்தால் இந்தச் சுவருக்கு ஒன்றரை வருஷம் வேண்டும். அவ்வளவு காத்திருக்க யாராலும் முடியவில்லை, மழைக்காலமும் நெருங்கியது.

முதல் பூச்சு

மணலில் எவ்வளவு சுண்ணாம்பு சேர்ப்பது என்பதை முன்னமே பார்த்து வைத்திருந்தோம். நன்றாகக் காய்ந்த மணலை ஒரு லிட்டர் அளவுக் குவளையில் நிரப்பி, மேல்மட்டம் வரும்வரை தண்ணீர் ஊற்றினோம். 380 மில்லி குடித்தது. மணலுக்குள் இருக்கும் வெற்றிடம் அவ்வளவு. சுண்ணாம்பு அதை நிரப்ப வேண்டும். ஆக ஒன்றுக்கு இரண்டரை. காய்ந்த மணலில்தான் இதைச் செய்ய வேண்டும். ஈரமணல் உப்பிக்கொண்டு நிற்கும், கணக்கு தப்பிவிடும்.

இதை வைத்து ஒரு பக்கக் குறிப்பு எழுதிக் கொடுத்தேன். அதில் இருந்த வரி இது: ‘அடிப்பூச்சு: ஹைட். சுண்ணாம்பு 1, மணல் 2½.’

ஹைட். அவ்வளவுதான் எழுதினேன். ஹைட்ராலிக் என்பதை மனதில் வைத்து எழுதினேன். மேற்பார்வையாளர் கடையில் காட்டியபோது, ஹைட்ரேட்டட் சுண்ணாம்பு என்று புரிந்துகொண்டு இருபது பை அனுப்பிவிட்டார்கள். கடைக்காரரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்தச் சுருக்கம் இரண்டுக்கும் பொருந்தும். தமிழில் எழுதியிருந்தால் தப்பியிருக்குமா என்று பிறகு யோசித்துப் பார்த்தேன். நீற்றிய சுண்ணாம்பு, நீரில் இறுகும் சுண்ணாம்பு. காதில் விழும்போது அதுவும் கிட்டத்தட்ட அதே ஆபத்துதான்.

பையில் ‘சி.எல். 90’ என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்தது. மேற்பார்வையாளர் எனக்குத் தொலைபேசியில், "சார், 90 கிரேடே கிடைச்சுடுச்சு" என்றார். நான் வேறு ஒரு வேலையின் நடுவில் இருந்தேன். சரி என்று சொல்லிவிட்டேன்.

கீழிருந்து 1.2 மீட்டர் வரையும், அதற்கு மேலே ஓதம் பரவியிருந்த ஒரு மீட்டரிலும் பூச்சு நடந்தது. செங்கல் தின்று போன வரிகளில் பள்ளத்தை நிரப்ப மொத்தம் 25 மி.மீ. வரை தடிப்பு வந்தது. இரண்டு கைகளாக, அதாவது இரண்டு அடுக்காகப் பூசினார்கள், நடுவில் இரண்டு நாள் மட்டும் விட்டு.

மூன்றாம் நாள் நான் போனபோது மேஸ்திரி உற்சாகமாக இருந்தார். "நேத்து மீந்த கலவையை மூடி வெச்சு இன்னைக்கு ஆட்டினேன் சார், அப்படியே வழுவழுன்னு வருது. சிமெண்டா இருந்தா கல்லாப் போயிருக்கும்." அந்த ஒரு வாக்கியத்திலேயே எனக்கு விஷயம் புரிந்திருக்க வேண்டும். ஹைட்ராலிக் சுண்ணாம்புக் கலவை ராத்திரி முழுக்கக் கிடந்தால் இறுக ஆரம்பித்திருக்கும், மறுநாள் அப்படி வழுவழுப்பாக வராது. நான் கேட்டுக்கொண்டு தலையாட்டிவிட்டு வந்தேன்.

நாற்பதாம் நாள்

பூசி முடித்துப் பத்து நாளில் மழை பிடித்துக்கொண்டது. இருபத்தெட்டாம் நாள் டீச்சர் கூப்பிட்டு, சுவரில் விரல் நகம் இறங்குகிறது என்றார். பொறுமையாக இருங்கள், சுண்ணாம்பு மெதுவாகத்தான் இறுகும் என்று பதில் சொன்னேன். பொதுவாக அது உண்மைதான். ஆனால் நான் போட்டதாக நினைத்த பொருளுக்கு, 28 நாளில் நகம் இறங்குவது நியாயமே இல்லை.

நாற்பதாம் நாள் நேரில் போனேன். தரையை ஒட்டிய இரண்டு செங்கல் வரி உயரத்துக்குப் பூச்சு கழன்று விழுந்திருந்தது. மேஸ்திரி, "உள்ளே இன்னும் பச்சையாவே இருக்கு சார்" என்றார். சொன்னதோடு நிற்காமல் ஒரு துண்டை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பிசைந்து காட்டினார். மேலே ஓடு போல ஒரு மெல்லிய தோல், உள்ளே ஈரக் களி.

பினாப்தலீன் கரைசல் கொண்டுபோயிருந்தேன். இறுகாத சுண்ணாம்பு கடுமையான காரம், அதன் மேல் பட்டால் கரைசல் சிவந்த ரோஜா நிறமாகும். காற்றிலிருக்கும் கரியமில வாயுவை உள்வாங்கி மறுபடி சுண்ணாம்புக் கல்லாக மாறிய பகுதியில் காரம் குறைந்திருக்கும், நிறம் வராது. புதிதாக உடைத்த முகத்தில் தெளித்தோம். அடிப்பகுதித் துண்டில் வெளிப்பக்கம் 2 மி.மீ. மட்டும் நிறமில்லாமல் இருந்தது. மிச்சம் 20 மி.மீ.க்கு மேல் பளீரென்று சிவந்தது. மேல் பகுதியில், சுவர் ஓரளவு காய்ந்திருந்த இடத்தில், 5 மி.மீ. வரை நிறமில்லை.

அப்போதுதான் பையைக் கொண்டுவரச் சொன்னேன்.

பையில் இருந்தது எது

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். சுண்ணாம்பு என்ற ஒரே சொல்லுக்குள் குணம் வேறான பல பொருள்கள் ஒளிந்திருக்கின்றன.

சுண்ணாம்புக் கல்லை ஏறத்தாழ 900 டிகிரி செல்சியஸில் சுட்டால் கரியமில வாயு போய்விடும். தூய கல் 100 கிலோ போட்டால் 56 கிலோ சுட்ட சுண்ணாம்புதான் மிஞ்சும். பார்க்க அதே கல்லாகவே இருக்கும், தூக்கினால் மட்டும் கை ஏமாறும். அதில் தண்ணீர் விட்டால் கொதித்து நீறும். 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு 18 கிலோ தண்ணீரை வேதிவினையில் ஏற்று 74 கிலோவாகும். அந்த அளவு தண்ணீர் மட்டும் சேர்ந்தால் காய்ந்த தூள், அதாவது பையில் வரும் ஹைட்ரேட்டட் சுண்ணாம்பு. தண்ணீர் நிறைய விட்டால் பசை. தூளும் பசையும் வேதியியலில் ஒன்றே. இரண்டும் காற்றால் மட்டும் இறுகும். கரியமில வாயு உள்ளே போக வேண்டும், அதற்குச் சிறிது ஈரமும் வேண்டும். ஆனால் துளைகள் முழுக்கத் தண்ணீரால் நிரம்பிவிட்டால் வாயு நகர முடியாது. காற்றில் பரவுவதைவிட நீரில் அது பல ஆயிரம் மடங்கு மெதுவாகப் பரவும். எங்கள் அடிச் சுவரில் நடந்தது இதுவே.

கல்லிலேயே களிமண் கலந்திருந்தால் கதை மாறும். சுடும்போது சுண்ணாம்பும் களிமண்ணிலுள்ள சிலிக்காவும் சேர்ந்து, தண்ணீர் பட்டால் தானே இறுகும் கால்சியம் சிலிகேட்டுகளாகிவிடும். இதுதான் இயற்கை ஹைட்ராலிக் சுண்ணாம்பு. இதுவும் ஓரளவு காற்றால் இறுகும், ஆனால் காற்றை நம்பி உட்கார்ந்திருக்காது. இந்த வேறுபாட்டின் காரணத்தைக் கண்டவர் இங்கிலாந்துப் பொறியாளர் ஜான் ஸ்மீட்டன். 1756-இல் கடலுக்கு நடுவே எடிஸ்டோன் பாறையில் கலங்கரை விளக்கம் கட்டும் பொறுப்பு அவருக்கு வந்தது. பல ஊர்ச் சுண்ணாம்புகளை உருண்டை பிடித்துத் தண்ணீரில் போட்டுப் பார்த்தார். அந்தந்தக் கல்லை நைட்ரிக் அமிலத்தில் கரைத்தும் பார்த்தார். கரையாமல் களிமண் மிஞ்சிய கற்களின் சுண்ணாம்பே தண்ணீரிலும் நின்றது. வெள்ளையாக, கெட்டியாக இருக்கும் கல்தான் நல்ல சுண்ணாம்பு தரும் என்ற அதுவரையிலான எண்ணம் அதோடு ஆட்டம் கண்டது. விளக்கம் 1759-இல் கட்டி முடிந்தது.

மூன்றாவது வழி ஒன்றும் உண்டு. காற்றில் இறுகும் சுண்ணாம்போடு எரிமலைச் சாம்பலோ, மிதமாகச் சுட்ட செங்கல் தூளோ சேர்த்தால் அதுவும் நீரில் இறுகும். இத்தாலியின் போசுவோலி ஊர்ச் சாம்பலிலிருந்துதான் இந்த வகைப் பொருள்களுக்கே போசோலானா என்று பெயர் வந்தது.

இப்போது அந்த 90-க்கு வருவோம். ஐரோப்பியத் தரமான ஈ.என். 459-இல், சி.எல். என்றால் கால்சியம் சுண்ணாம்பு. பக்கத்தில் வரும் 90, 80, 70 என்பவை அதிலுள்ள கால்சியம், மக்னீசியம் ஆக்சைடுகளின் குறைந்தபட்ச சதவீதம்; தூய்மையின் அளவு. அதே தரத்தில் இயற்கை ஹைட்ராலிக் சுண்ணாம்பை என்.எச்.எல். 2, 3.5, 5 என்று பிரிப்பார்கள். அந்த எண் 28 நாளில் வர வேண்டிய குறைந்தபட்ச அமுக்க வலிமை, சதுர மி.மீ.க்கு நியூட்டனில். ஆக 90 என்பதும் 5 என்பதும் ஒரே ஏணியின் படிகள் இல்லை. ஒன்று தூய்மையைச் சொல்கிறது, மற்றது வலிமையை. ஈரச் சுவரைப் பொறுத்தவரை அந்த அதிகத் தூய்மையே எங்களுக்கு எதிராகிவிட்டது. மேற்பார்வையாளர் எண் பெரிதாக இருந்தால் வலு அதிகம் என்று நினைத்தது இயல்பு. சிமெண்ட் வாங்கிப் பழகிய எவரும் அப்படித்தான் நினைப்பார்கள்.

சந்தேகம் தீர ஒரு சோதனையும் செய்தோம். பைத்தூளைக் கெட்டியாகக் குழைத்து வடை அளவில் ஒரு தட்டை, வேறு இடத்திலிருந்து வாங்கிவந்த என்.எச்.எல். 3.5-இல் ஒரு தட்டை. இரண்டையும் இரண்டு நாள் ஈரச் சாக்கின் கீழ் வைத்து, பிறகு தனித்தனிக் கண்ணாடிக் குவளையில் தண்ணீருக்குள் இறக்கினோம். முதலாவது ஒரு மணி நேரத்தில் ஓரம் கரைந்து, மாலைக்குள் குவளையின் அடியில் வெள்ளைச் சேறாக உட்கார்ந்துவிட்டது. இரண்டாவது ஏழாம் நாளும் போட்ட வடிவத்திலேயே இருந்தது. எடுத்து மேசையில் தட்டினால் டக்கென்று சத்தம் வந்தது. டீச்சர் அந்த இரண்டு குவளைகளையும் ஜன்னல் ஓரத்தில் வெகுநாள் வைத்திருந்தார். வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினாராம்.

என்ன செய்யலாம் என்று பேசியது

மேஸ்திரியின் யோசனை, இருப்பதை உரித்துவிட்டு அதே சுண்ணாம்பில் கொஞ்சம் சிமெண்ட் தட்டிப் பூசலாம் என்பது. வேகமாக இறுகும், பையும் வீணாகாது. நான் ஒப்புக்கொள்ளவில்லை. கொஞ்சமாகச் சிமெண்ட் சேர்த்தால் சுண்ணாம்பின் நெகிழ்வும் போகும், சிமெண்டின் வலுவும் முழுசாக வராது. நிறையச் சேர்த்தால் பதினைந்து வருஷத்துக்கு முன் செய்ததையே மறுபடி செய்கிறோம். உப்பு ஏறிய சுவருக்குச் சிமெண்ட் வழியாக இன்னும் கொஞ்சம் காரஉப்பு கொடுப்பதிலும் எனக்கு மனமில்லை.

மழை முடியும்வரை காத்திருப்பது இன்னொரு வழி. மேல் ஒரு மீட்டருக்கு அதையே செய்தோம், அங்கே இறுகிக்கொண்டுதான் இருந்தது. அடிப்பகுதிக்குக் காத்திருந்து பயனில்லை. அது மழையால் மட்டும் ஈரமில்லை, உள்ளிருந்தே ஈரம்.

என்.எச்.எல். 5 போட்டால் என்ன என்று மேற்பார்வையாளர் கேட்டார். இந்த முறை எண்ணின் பொருளைப் புரிந்துகொண்டே கேட்டார். ஆனால் சுவரில் இருப்பது விரலால் உதிரும் செங்கல். பூச்சு சுவரைவிடக் கெட்டியாக இருக்கக் கூடாது. ஏதாவது ஒன்று தேய்ந்து போகத்தான் வேண்டும் என்றால் அது பூச்சாக இருக்கட்டும். என்.எச்.எல். வகைகள் 28 நாளோடு நிற்பதில்லை, அதற்கப்புறமும் வலு ஏறிக்கொண்டே போகும் என்பதையும் கணக்கில் எடுத்தோம்.

மாதிரிக் கட்டங்கள்

முதல் தடவை மாதிரி பார்க்காமல் நேராகச் சுவரில் இறங்கியிருந்தோம். இம்முறை 60 செ.மீ. சதுரத்தில் மூன்று கட்டம், மிக ஈரமான இடத்திலேயே பூசினோம். ஒன்றில் இருக்கிற சுண்ணாம்போடு செங்கல் தூள், ஒன்றில் என்.எச்.எல். 2, ஒன்றில் என்.எச்.எல். 3.5. நான்கு வாரம் விட்டோம்.

செங்கல் தூள் கட்டம் ஏமாற்றியது. நிறம் அழகாக வந்தது, ஆனால் நகம் இறங்கியது. கிடைத்த தூள் இன்றைய சூளைச் செங்கல்லை அரைத்தது. அதிக வெப்பத்தில் சுட்ட செங்கல் தூள் சுண்ணாம்போடு அவ்வளவாகச் சேராது; மிதமாகச் சுட்டதுதான் வேலை செய்யும். அந்த வழியே தவறு என்று சொல்ல மாட்டேன், அந்தத் தூள் சரியில்லை. என்.எச்.எல். 2 இறுகியது, ஆனால் தரையை ஒட்டிய வரியில் தேய்த்தால் மணல் உதிர்ந்தது. 3.5 நின்றது. சிறு உளியால் பெயர்த்துப் பார்த்தபோது செங்கல்லைப் பிய்த்துக்கொண்டு வராமல் தானே உடைந்தது. நாங்கள் எதிர்பார்த்தது அதுதான்.

இரண்டாம் பூச்சு

அடி 1.2 மீட்டரைச் சுரண்டி எடுப்பது சுலபமாக இருந்தது. பாதி வேலையைக் கரண்டியே செய்துவிட்டது. சுவரைத் துலக்கி, செங்கல் தின்று போன பள்ளங்களை மட்டும் முதலில் செங்கல் சில்லு வைத்து அடைத்தோம். பிறகு 10 மி.மீ.க்கு மேல் போகாமல் ஒவ்வொரு கையாகப் பூசி, ஒன்றில் நகம் பதியாத நிலை வந்த பிறகே அடுத்தது. ஈரச் சாக்குத் திரை தொங்கவிட்டு, தினம் மூன்று தடவை தூவானம் போலத் தெளித்தோம். சுருங்கி விழுந்த மயிர் வெடிப்புகளை மேஸ்திரி மணியாஸ் கட்டை என்னும் தேய்ப்புப் பலகையால் அழுத்தித் தேய்த்து மூடினார்.

இதிலும் ஒரு சேதம். நான்காம் நாள் மாலை மீந்த கலவையை மேஸ்திரி வழக்கம் போல மூடி வைத்து, காலையில் தண்ணீர் விட்டு ஆட்டிப் பூசிவிட்டார். ஏறத்தாழ இரண்டு சதுர மீட்டர். ஒரு வாரத்தில் அந்த இடம் மட்டும் தூள் தட்டியது. முந்தைய சுண்ணாம்பில் அப்படிச் செய்தது நல்ல பழக்கம். காற்றில் இறுகும் கலவை மூடி வைத்தால் மாதக்கணக்கில்கூட இருக்கும், இருக்க இருக்கக் குழைவும் கூடும். இதிலோ ராத்திரியே இறுகத் தொடங்கியதை உடைத்துவிட்டுப் பூசியிருக்கிறோம். பொருள் மாறிவிட்டது என்று அவரிடம் சொன்னேனே தவிர, அதனால் கைப்பழக்கத்தில் எது மாற வேண்டும் என்று சொல்லவில்லை. அந்த இரண்டு மீட்டரும் என் கணக்கில்தான் சேரும். உரித்து மறுபடி பூசினோம்.

மிஞ்சிய ஹைட்ரேட்டட் பைகளை வீசவில்லை. தொட்டியில் தண்ணீர் நிரப்பித் தூளை அதில் கொட்டி, மேலே ஒரு விரற்கடை தண்ணீர் நிற்கும்படி ஊறவிட்டோம். மாடியின் காய்ந்த உள்சுவர்களுக்கு அது அருமையாகப் பயன்பட்டது. கடைசி வெள்ளையடிப்பும் அதில்தான். வாய் திறந்து கிடந்த ஒரு பை மட்டும் கெட்டுவிட்டது. ஒரு சிட்டிகைத் தூளில் அமிலம் விட்டபோது புஸ்ஸென்று நுரைத்தது. காற்றுப் பட்டு பைக்குள்ளேயே கல்லாக மாறிவிட்டது என்று பொருள். அந்தத் தூள் இனி வெறும் நிரப்பி, எதையும் ஒட்டாது.

பதினோரு மாதத்துக்குப் பிறகு

அடிப்பகுதி கெட்டியாக இருக்கிறது. தட்டினால் பொள்ளல் சத்தம் எங்கும் இல்லை. முதல் கோடையில் தரையிலிருந்து 15 செ.மீ. உயரத்துக்கு உப்பு பூத்தது. கழுவ வேண்டாம், கழுவினால் கரைந்து மறுபடி உள்ளே போகும், உலர்ந்த தூரிகையால் கூட்டி அள்ளுங்கள் என்று டீச்சரிடம் சொல்லியிருந்தேன். இரண்டு தடவை அள்ளியிருக்கிறார். அந்த 15 செ.மீ.யில் பூச்சின் மேல்தோல் ஒரு மி.மீ. போல உதிர்ந்துள்ளது. அங்கே இன்னும் சில வருஷத்தில் மறுபூச்சு தேவைப்படும். வேலை தொடங்கும்போதே இதை அவரிடம் சொல்லியிருந்தேன்.

ஓதக்கோடு இறங்கியிருக்கிறது. இதில் சுண்ணாம்புக்கு எவ்வளவு பங்கு, வெளித்தரையை வெட்டி இறக்கியதற்கும் குழாயைத் திருப்பியதற்கும் எவ்வளவு பங்கு என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. எல்லாவற்றையும் சேர்த்தே செய்தோம். ஊகிக்கச் சொன்னால், பெரும் பங்கை மண்வெட்டிக்குத்தான் கொடுப்பேன். சுண்ணாம்பு ஈரத்தைத் தடுக்காது, வெளியே போக விடும். வருவதைக் குறைக்காமல் வழி மட்டும் விட்டிருந்தால் சுவர் இன்றும் நனைந்துகொண்டுதான் இருந்திருக்கும்.

இனி மாற்றிச் செய்வது

குறிப்பில் சுருக்கம் எழுதுவதை விட்டுவிட்டேன். இப்போது சுண்ணாம்பின் பெயருக்குப் பக்கத்திலேயே ‘காற்றில் இறுகுவது’ அல்லது ‘நீரில் இறுகுவது’ என்று எழுதுகிறேன். தரக் குறியீட்டையும் முழுசாக எழுதி, பையின் படத்தை அனுப்பச் சொல்லி, பார்த்த பிறகே இறக்கச் சொல்கிறேன். முதல் பை பிரித்ததும் ஒரு தட்டை தட்டித் தண்ணீரில் போட்டுவிடுவது இப்போது வழக்கமாகிவிட்டது. ஒன்பது நாள் ஆகும் சோதனை. நாற்பது நாள் காத்திருந்து உரிப்பதைவிடக் குறைவு.

மேஸ்திரியிடம் பொருளைப் பற்றி விளக்குவதோடு நிறுத்தாமல், மீந்த கலவையை என்ன செய்வது, எப்போது நனைப்பது, எத்தனை நாள் இடைவெளி என்று கைக்குப் புரிகிற மாதிரி பேச வேண்டும். அவர் பேச்சையும் காது கொடுத்துக் கேட்க வேண்டும். மூன்றாம் நாளே அவர் சொன்னது என்ன என்று நான் யோசித்திருந்தால் இந்த ஆய்வுக்கு வேலையே இருந்திருக்காது.

மாதிரிக் கட்டங்களைத் தொடக்கத்திலேயே பூசியிருக்க வேண்டும், சுவர் காய்ந்துகொண்டிருந்த அந்த ஐந்து வாரத்தில். அதற்கு நேரமும் இருந்தது, இடமும் இருந்தது. அவசரம் என்று அன்று தோன்றியதற்குக் காரணம் மழை மட்டும்தான். கடைசியில் முழு மழைக்காலமும் உரிப்பதிலும் காத்திருப்பதிலும் போயிற்று.

மேல் ஒரு மீட்டரில் முதல் பூச்சு அப்படியே இருக்கிறது. போன மாதம் ஒரு சிறு துண்டு பெயர்த்துக் கரைசல் தெளித்தோம். வெளியிலிருந்து 13 மி.மீ. வரை நிறமில்லை, அதற்கு உள்ளே இன்னும் ரோஜா நிறம். பெயர்த்த ஓட்டையை மேஸ்திரி தொட்டியில் மிஞ்சியிருந்த பசையை வைத்து மணலோடு குழைத்து அடைத்தார்.